புள்ளி வைக்காத ஷாஃப்ட்

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தை எனக்கு அவ்வளவாக வராது. என்னோடு வேலை பார்த்த எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்கிறார்கள் என்றால் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற லேத்தை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதைக் காலேஜில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், மிச்சத்தை மெஷினே சொல்லிக் கொடுக்கும். நான் சொல்லப் போவது, பரீட்சையில் ஃபெயில் ஆன கதை. நாற்பத்து மூன்று வயதில், பதினெட்டு ஆம்பிளைகளுக்கு நடுவில், எல்லாரும் பார்க்க ஃபெயில் ஆனேன். அதற்காக ஒரு நாளும் நான் தலை குனிந்ததில்லை. ஏன் என்று படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி. அதன் ஒர்க்‌ஷாப்பில் நான் ஹெல்பராகச் சேர்ந்தேன். கூட்டுவது, இரும்புச் சுருளை அள்ளிக் கொட்டுவது, கேட்ட டூலை எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. பெரிய லேத்துக்கு ஆபரேட்டர் சேகர் அண்ணன். நல்ல கைக்காரர். ஆனால் சர்க்கரை வந்து அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அளவு பார்க்கிற மைக்ரோமீட்டரில் கோடு தெரியவில்லை. முதலில், "ரூபி, இத கொஞ்சம் படிச்சு சொல்லும்மா" என்றார். அப்புறம், "கடைசி கட்டு மட்டும் நீ எடுத்துடு" என்றார்; கட்டு என்றால் இரும்பை ஒரு தடவை சீவி எடுப்பது. கொஞ்சம் கொஞ்சமாக லேத் முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார், நான் கடைவேன். இப்படி ஒன்பது வருஷம். ரிஜிஸ்டரில் சேகர் என்று இருக்கும். நான் ஹெல்பர்.

ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் இது தெரியும். மேனேஜருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் அவரை மேனேஜராகப் போட்டிருந்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சேகர் அண்ணன் ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கும்போது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ரூபிம்மா, அவருக்கு அப்புறம் அந்த போஸ்ட்டுக்கு ஆள் வேணும். சிதம்பரத்துல டெக்னிக்கல் காலேஜுல மெஷின் ஷாப் ரெண்டாம் நிலை கோர்ஸு இருக்கு. சனி ஞாயிறு கிளாஸு. அந்த சர்டிபிகேட்ட கொண்டா, நீதான் ஆபரேட்டர். இல்லன்னா வெளியிலேந்து ஆள் எடுத்துடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"ஒம்போது வருஷமா ஓட்டுறப்போ சர்டிபிகேட்டு கேக்கலியே சார்?"

"அது வேற, இது வேற."

அது எப்படி வேறு, இது எப்படி வேறு என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. ஆனாலும் போனேன். முதல் நிலை சர்டிபிகேட் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. பெண்களுக்கென்று நடத்திய ஒரு பயிற்சியில் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. இது அதற்கு அடுத்த படி. அந்த லேத் எனக்கு வேண்டும். நான் பழக்கிய மெஷின், அதன் சத்தம் மாறினால் தூக்கத்திலும் எனக்குத் தெரியும். அதன் முன்னால் வேறொருவன் நிற்க, நான் அவனுக்குச் சுருள் அள்ளிக் கொட்டுவதா? நடக்காது.

சனி, ஞாயிறு காலையில் சிப்காட் ஸ்டாப்பில் நின்று சிதம்பரம் பஸ்ஸைப் பிடிப்பேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று நின்று நின்று போகும். சீட் கிடைத்தால் நோட்டைப் பிரிப்பேன், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள்ளேயே கணக்குப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதில்லையே என்று சர்ச்சில் கேட்டார்கள். "நான் எங்க இருக்கேன்னு ஆண்டவருக்கு தெரியும், உங்களுக்குத்தான் தெரியல" என்றேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் வாத்தியாருக்கு இருபத்தேழு வயசு. முதல் நாள் என்னைப் பார்த்ததும், "பையனுக்கு அட்மிஷனாம்மா?" என்றார். எனக்குத்தான் என்றதும் காது வரை சிவந்துவிட்டார். பதற்றத்தில் என்னை மூலையில் இருந்த ஒரு லேத்துக்குக் கூட்டிப் போய், "இது லேடீஸுக்கு சௌகரியமா இருக்கும்க்கா" என்றார். மற்ற மெஷினுக்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அதன் கூலன்ட் மோட்டார் எரிந்து போயிருந்தது. கடையும்போது மேலே ஊற்றிச் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் அதில் வராது. ஆம்பிளைகள் யாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட மெஷின் அது. லேடீஸுக்குச் சௌகரியமாம்!

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூன்றாவது வாரமே என் கையைப் பார்த்துவிட்டார். "அக்கா டூலு செட் பண்றத வந்து பாருங்க" என்று மற்றவர்களைக் கூப்பிடுவார். நான் கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்ததற்கு அவர்தான் கணக்குக் காட்டினார். சரிவாகக் கடைகிற டேப்பர் ஏன் அந்தக் கோணத்தில் வருகிறது, மரை வெட்டும்போது எந்த கியர் எதற்கு என்று வரைபடம் போட்டுச் சொல்வார். என்னைவிட பதினாறு வயசு சின்னவர். நான் கேட்ட கேள்வி எதற்கும் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷர்தான் பரீட்சை அன்றைக்கு ஒரு காரியம் செய்தார். நல்லவர்கள் செய்வதால் தப்பு சரியாகிவிடாது என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

அந்த ஒர்க்‌ஷாப்பில், அதாவது காலேஜில், ஒரு வழக்கம் உண்டு. ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு அளவில் குறைந்துவிட்டால், அதாவது கூடுதலாகக் கடைந்துவிட்டால், அதன் மேல் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியால் சுற்றிலும் குத்துவார்கள். ஒவ்வொரு குத்துக்கும் ஓரத்தில் இரும்பு கொஞ்சம் மேலே எழும்பும். தண்டின் மேல் மாட்டுகிற வளையமான புஷ், தொளதொளவென்று இருந்தது, அந்தப் புள்ளிகளில் ஏறி இறுக்கமாக உட்கார்ந்துவிடும். ஏறியதும் புள்ளி உள்ளே மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. பேச்சில் அதைப் புள்ளி வைக்கிறது என்பார்கள். என் பக்கத்து மெஷினில் பாலு என்று ஒருவன், குமராட்சிப் பக்கம் டிராக்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், அதில் மன்னன். "ஏன்க்கா மூஞ்ச தொங்கப் போட்டுருக்க? கொறஞ்சு போச்சா? நாலு புள்ளிய வையி, போய்க்கினே இரு!" என்பான்.

எனக்கும் புள்ளி வைக்கத் தெரியும். கம்பெனியில் ஒரு தடவை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை.

அது வெந்நீர் பம்ப். பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்து போயிருந்தது. புது ஷாஃப்ட் கடைய ஒரு நாள் ஆகும். மேனேஜர் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "சாயங்காலத்துக்குள்ள ஓடணும், ஏதாவது அட்ஜஸ்ட் பண்ணும்மா" என்றார். நான் புள்ளி வைத்தேன். பேரிங் கச்சிதமாக ஏறியது. எல்லாரும் சபாஷ் என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் ஷாஃப்ட் ஆட்டம் கண்டு, தண்ணீர் கசியாமல் அடைக்கிற சீல் உடைந்து, பக்கத்தில் நின்ற மணி என்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் வலது காலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் அடித்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. விபத்துக்குக் காரணம் சீல் பழசு என்று எழுதிவிட்டார்கள். பம்ப்பைக் கழற்றி ஷாஃப்ட்டை என்னிடம்தான் கொண்டு வந்தார்கள். பார்த்தேன். நான் குத்திய புள்ளியில் ஒன்றுகூட மிச்சமில்லை, அத்தனையும் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. அன்றைக்குக் கக்கூஸில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரிக்கு மணியைப் பார்க்கப் போனபோது, "நீ என்னாக்கா பண்ணுவ" என்றான். நான்தான் பண்ணினேன் என்று அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இனிமேல் என் கையால் புள்ளி இல்லை என்று மட்டும் முடிவெடுத்தேன்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன்.

காலையில் ஒரு புஷ், மதியம் அதற்கு ஷாஃப்ட், நாற்பது மில்லிமீட்டர் தடிமன். இரண்டையும் சேர்த்து ஏற்றிக் கொடுக்க வேண்டும். சுத்தியால் லேசாகத் தட்டினால் ஏற வேண்டும், ஏறிய பின் கையால் முறுக்கினால் சுற்றக் கூடாது. ஒருவருக்கு ஒரு இரும்புதான். பரீட்சை முத்திரை குத்திக் கொடுப்பார்கள், வேறு கிடையாது. எக்ஸாமினர் வெளியூரிலிருந்து வந்தவர். பத்தொன்பது பேர் வேலையையும் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தார். அளந்து பார்க்க எல்லாம் அவருக்கு நேரமில்லை. கையில் வாங்கி ஒரு முறுக்கு முறுக்குவார், சுற்றவில்லை என்றால் பாஸ்.

என் தப்பு எங்கே நடந்தது தெரியுமா? முதல் ஆளாக முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. பதினெட்டு பேரும் இன்னும் கடைந்துகொண்டிருக்கும்போது நான் முடித்துவிட்டுக் கையைத் துடைக்க வேண்டும், அதை எல்லாரும் பார்க்க வேண்டும். கூலன்ட் வராத மெஷினில் வேகமாகக் கட்டு எடுத்தேன். ஷாஃப்ட் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அந்தச் சூட்டிலேயே அளந்தேன், அளவு சரியாக இருந்தது. கழற்றிவிட்டேன். இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும் என்பது முதல் நிலையிலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். ஒன்பது வருஷம் லேத் ஓட்டியவள் அதை மறந்தேன் என்றால், மறதி இல்லை, திமிர்.

அது ஆறுவதற்குள் மற்றவர்களும் முடித்து மேஜையில் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆறிய பின் புஷ்ஷைப் போட்டேன். சுத்தியே தேவைப்படவில்லை. மோதிரம் மாதிரி விரலால் சுற்றியது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு, மூன்று பங்கு குறைவு. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில்தான் என் லேத் இருந்தது.

பாலு எட்டிப் பார்த்துவிட்டான். அவனிடமும் புஷ் லூஸ்தான், ஆனால் அவன் அதற்குள் குத்தி முடித்திருந்தான். வாத்தியாரும் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, என் மெஷின் மேல் ஒரு சென்டர் பஞ்சையும் சுத்தியையும் வைத்தார். எக்ஸாமினர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

"அக்கா, ரெண்டு நிமிஷம். எல்லாரும் பண்றதுதான்" என்றார் மெதுவாக.

"வேணாம் சார்."

"அக்கா, உங்க போஸ்ட்டு."

"தெரியும் சார். எடுத்துட்டுப் போங்க."

அவர் எடுக்கவில்லை. பஞ்ச் அங்கேயே கிடந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் கை அதன் பக்கம் போனது. மணியின் கால் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. எனக்கு வந்தது கோபம். ஒன்பது வருஷம் அடுத்தவர் பேரில் கடைந்தேன். இன்றைக்கு என் பேரில் கொடுக்கிற முதல் வேலையையும் பொய்யாகத்தான் கொடுக்க வேண்டுமா? எவன் போட்ட விதி இது?

ஷாஃப்ட்டையும் புஷ்ஷையும் எடுத்துக்கொண்டு நேராக எக்ஸாமினரிடம் போனேன். "சார், சூட்டுல அளந்துட்டேன். ஆறினப்புறம் கொறஞ்சு போச்சு. புஷ்ஷு சுத்துது" என்று சொல்லி அவர் கையில் வைத்தேன்.

மனுஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீயே வந்து சொல்ற? நான் பாத்து சொல்ல மாட்டேனா?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி எனக்கு தெரிஞ்சுதே சார்."

அவர் என் ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புள்ளி இல்லாத சுத்தமான ஷாஃப்ட். பிறகு மேஜை மேல் வரிசையாக இருந்த மற்றவர்களுடைய வேலையைப் பார்த்தார். அந்த ஆளும் பழம் தின்று கொட்டை போட்டவர்தானே, அவருக்கா தெரியாது? "மத்தவங்களுது எல்லாம் எப்படிம்மா இவ்ளோ டைட்டா இருக்கு?" என்றார்.

பதினெட்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். வாத்தியாருக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"என் வேலைய பத்தி கேளுங்க சார், சொல்றேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க சொல்வாங்க" என்றேன்.

யாரும் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை, ரயில் இருந்தது. பதினெட்டு பேரும் பாஸ். நான் ஃபெயில். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அந்தப் பதினெட்டில் எத்தனை பேர் எங்கெங்கே பம்ப்புக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார்களோ. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள். உடனே பதில் வந்தால் அதை நம்பாதீர்கள்.

வெளியே டீக்கடையில் பாலு என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னாக்கா, நீ மட்டும் பெரிய யோக்கியமா? எங்க எல்லாரையும் சேத்து மாட்டி வுடப் பாத்தியே!"

"மாட்டி வுடணும்னா பேர் சொல்லியிருப்பேன் பாலு. டீய குடி, ஆறிடப் போவுது."

வாத்தியார் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "உங்கள பாஸ் பண்ண வைக்கத்தான்க்கா பாத்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "பாஸ் பண்ண வைக்கணும்னா அந்த மோட்டார சரி பண்ணியிருக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். முட்லூர் தாண்டும் வரைக்கும்தான் என் வீராப்பு தாங்கியது. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நான் உள்ளே போவதற்கு முன்பே மேனேஜருக்குச் சேதி போயிருந்தது. "என்னம்மா இப்படி பண்ணிட்ட" என்றார். ஒரு நிமிஷம் வருத்தப்பட்டார். அடுத்த நிமிஷம், "சரி வுடு. எட்டாம் நம்பர் பம்ப்பு ஷாஃப்ட்டு அவசரம், எடுத்து மாட்டு" என்றார்.

"நான் ஹெல்பர் சார்."

"அதுக்கு?"

"சர்டிபிகேட்டு இல்லாதவங்க ஆபரேட்டர் ஆவ முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஆபரேட்டர் இல்லாதவங்க லேத்த தொடக் கூடாது. நேத்து வரைக்கும் தொட்டது தப்பு. இனிமே தொட மாட்டேன்."

"வீம்பு பண்ணாத ரூபி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

இந்த ஒரு வார்த்தையை மட்டும் உங்களிடம் யாராவது சொன்னால், உடனே நிமிர்ந்து நில்லுங்கள். அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறவர் யாரும் தான் அட்ஜஸ்ட் பண்ணி நான் பார்த்ததில்லை. துடைப்பத்தை எடுத்தேன், கூட்டினேன். அன்று முழுக்க லேத் நின்றது.

மறுநாள் சேகர் அண்ணன் என்னிடம் வந்தார். அவர்தான் எனக்குப் பெரிய சோதனை. மேனேஜரை எதிர்ப்பது சுலபம், அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. சேகர் அண்ணன்மேல் என்ன கோபம்? டூல் ரூம் பக்கம் கூட்டிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "ரூபி, இன்னும் பதினோரு மாசம்தாம்மா. கண்ணு தெரியலன்னு வெளிய வந்துச்சுன்னா என்ன அனுப்பிடுவாங்க. பொண்ணு கல்யாணம் இருக்கு. நீ லேத்துல நின்னாத்தான் நான் நிக்க முடியும்."

"நான் யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டேண்ணே. ஆனா தொட மாட்டேன்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. இரண்டும் ஒன்றுதான். எனக்கும் அது தெரிந்தே இருந்தது. தெரிந்தேதான் தொடாமல் இருந்தேன். எதிர்த்து நிற்கும்போது நம் பக்கத்தில் நிற்கிற ஒருவர்மேலும் அடி விழும், விழாது என்று யாராவது சொன்னால் பொய். அன்று சாயங்காலம் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெனரல் மேனேஜரே கீழே இறங்கி வந்துவிட்டார். எட்டாம் நம்பர் பம்ப் இல்லாமல் ஒரு பிளான்ட்டைப் பாதியாகக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "லேத்து ஏன் நிக்குது?" என்றார்.

"சேகருக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல சார்" என்றார் எங்கள் மேனேஜர்.

"வேற யாருக்கும் ஓட்டத் தெரியாதா?"

ஏழு மெஷின், பன்னிரண்டு ஆள், எல்லாரும் அவரவர் மெஷினைப் பார்த்துக்கொண்டார்கள். நான் குனிந்து சுருள் அள்ளிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம்.

அப்போது சேகர் அண்ணன் ஸ்டூலைவிட்டு எழுந்தார். "சார், எனக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கண்ணுதான் தெரியல. ரொம்ப வருஷமா தெரியல. எம்பேர்ல போன வேலையெல்லாம் தோ, அந்த பொண்ணு கடைஞ்சது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அந்த மனுஷரைப் போல ஒரு தைரியசாலியை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

ஜெனரல் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்போ ஓட்டு."

"மாட்டேன் சார்."

எங்கள் மேனேஜர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். "பரீட்சையில நான் ஃபெயில் சார். ஏன் ஃபெயிலுன்னு காலேஜுல கேளுங்க. திரும்ப எழுதுறேன். பாஸ் பண்ணிட்டு, என் பேர்ல, ஆபரேட்டரா ஓட்டுறேன். அது வரைக்கும் ஹெல்பர் வேலையில ஒரு குறை இருந்தா சொல்லுங்க, கேட்டுக்குறேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மேனேஜரிடம், "ஷாஃப்ட்ட இப்போதைக்கு வெளியில குடுத்து கடையுங்க. காலேஜுக்கு ஒரு லெட்டர் போடுங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். சேகர் அண்ணனை அனுப்பவில்லை. டூல் ரூமில் போட்டார்கள், பதினோரு மாசமும் அங்கேதான் இருந்தார். அனுப்பியிருந்தால்? இந்தக் கதையை இவ்வளவு சத்தமாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுபரீட்சைக்கு விண்ணப்பத்தை வாத்தியாரே எழுதி அனுப்பியிருந்தார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். கூடவே நானும் ஒரு தாள் வைத்தேன்: கூலன்ட் மோட்டார் வேலை செய்யாத மெஷினில் நிற்க மாட்டேன். பரீட்சைக்குப் போனபோது அதே மூலை லேத், மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து தன் கையாலேயே எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார். எக்ஸாமினர் மேஜையில் மைக்ரோமீட்டர் ஒன்றும் இருந்தது. அதையும் அவர்தான் கொண்டு போய் வைத்திருந்தார். கையால் முறுக்கிப் பார்ப்பது அன்றோடு அங்கே நின்றது.

கடைசிக் கட்டுக்கு முன்னால் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். புது எக்ஸாமினர், "ஏம்மா சும்மா நிக்குற? டைம் போவுது" என்றார்.

"ஆறட்டும் சார்" என்றேன்.

பாஸ். மார்க் ஒன்றும் பிரமாதமில்லை. இந்தத் தடவை கொடுத்த டேப்பரில் கோட்டை விட்டிருந்தேன். அது என் டேப்பர், என் கோட்டை.

சர்டிபிகேட்டைக் கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். நாலு நாள் கழித்து ஆர்டர் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் சுற்றி நின்றார்கள், யாரோ கை தட்டினார்கள். நான் பிரித்துப் படித்தேன். தற்காலிக ஆபரேட்டர் என்று இருந்தது.

மடித்து அவரிடமே கொடுத்தேன்.

"ஒரு வார்த்தைம்மா" என்றார் மேனேஜர். "ஆறு மாசத்துல தானா போயிடும். ஒரு வார்த்தைக்குப் போயி..."

"ஒரு வார்த்தைதானே சார், எடுத்துடுங்க."

கை தட்டியவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இவளுக்கு என்ன கொழுப்பு என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். நான் என் பழைய வேலையைப் பார்த்தேன். ஒரு நாள் போனது, இன்னொரு நாள் போனது.

மூன்றாம் நாள் வேறு தாள் வந்தது. வாங்கிப் படித்தேன். ஆபரேட்டர் என்று மட்டும் இருந்தது. இன்னொரு தடவையும் படித்தேன். அதற்கப்புறம்தான் லேத்தின் ஸ்விட்சைப் போட்டேன்.